அசுவினிக்கு எப்போது இறக்கை முளைக்கும்? மொட்டை மாடியில் செய்து பார்க்க ஒரு வழிகாட்டி

ஒரு பூச்சியோ பறவையோ இருந்த இடத்தை விட்டு வேறு இடம் போனால், சாப்பாடு தீர்ந்திருக்கும், வெயில் தாங்கியிருக்காது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பாதி சரி. மீதி, அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தின்ன ஆள் வந்திருக்கிறதா, காவலுக்கு ஆள் உண்டா, ஒண்ட வந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவன் பாய் விரித்துப் படுத்திருக்கிறானா என்பதையெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் பல உயிர்கள் கிளம்புகின்றன, தங்குகின்றன. கிளம்புவது சும்மா வருவதில்லை. செடியில் கூட்டமாக ஒட்டிச் சாறு குடிக்கும் சிறு பூச்சி அசுவினி. அதில் இறக்கை வளர்ப்பது, இறக்கை இல்லாத தன் அக்காவைவிடக் குறைவாகத்தான் குட்டி போடும். அந்தச் செலவுக்குத் துணிய வைப்பது எது என்பதைச் சென்னையில் ஒரு மொட்டை மாடியில், சில நூறு ரூபாய்க்குள் பார்த்துவிடலாம்.

கீழே இரண்டு சோதனைகளை விரிவாகச் சொல்லியிருக்கிறோம். ஒன்று செடியில், இன்னொன்று தண்ணீரில். இரண்டுக்கும் விதி ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் மாற்றுங்கள். இரண்டு விஷயத்தைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று பிறகு சொல்லவே முடியாது.

காலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய அசுவினிக்கு நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் ஒரே மழை கூட்டத்தையே அடித்துக்கொண்டு போய்விடும். ஏப்ரலுக்கு மேல் மாடித் தளத்தின் சூட்டில் பூச்சி தானாகவே சாகும், நீங்கள் அதற்கு ஒரு காரணம் கற்பித்துக்கொண்டிருப்பீர்கள்.

செடியும் பூச்சியும்

காராமணிதான் இதற்கு வாகான செடி. மளிகைக் கடையில் வாங்கும் காராமணியே போதும், பூச்சி அரிக்காததாகப் பார்த்து எடுங்கள். ஓர் இரவு ஊற வைத்து, 8 அங்குலத் தொட்டிக்கு மூன்று விதை ஊன்றுங்கள். மூன்று நான்கு நாளில் முளைக்கும். நன்றாக வந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. எல்லாத் தொட்டிக்கும் ஒரே குவியலிலிருந்து அள்ளுங்கள். ஒரு செடிக்கு உரம் தூக்கலாகப் போனால் அதன் சாறு மாறும், அசுவினியின் கணக்கும் மாறும்.

12 தொட்டி தேவை. 15 விதையுங்கள், மூன்று எப்படியும் சொதப்பும்.

செடி 15 முதல் 20 நாள் வயதில் இருக்கும்போது சோதனையைத் தொடங்கி, பூ விடுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. காராமணியின் பூங்கொத்துக் காம்பில் தேன் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. பூவுக்கு வெளியே இருக்கும் அந்தத் தேனுக்காகவே எறும்பு ஏறி வரும். அசுவினி இருப்பதால் வந்ததா, செடி கொடுத்த விருந்துக்கு வந்ததா என்று அதன் பிறகு பிரிக்க முடியாது. மொட்டு தெரிந்தால் கிள்ளி எறியுங்கள்.

பூச்சி, காராமணி அசுவினி. பெரியது பளபளவென்று கறுப்பாக இருக்கும், குட்டிகள் சாம்பல் பூசினாற்போல் மங்கலாக இருக்கும். மாடித் தோட்டம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரு கொடியை ஒடித்துத் தருவார்கள், மகிழ்ச்சியோடு. ஆனால் அந்தக் கொத்தை அப்படியே சோதனைத் தொட்டியில் தட்டாதீர்கள். இந்தப் பெண்கள் ஆண் துணையில்லாமல் குட்டி போடுபவை, ஒரு தாயின் வாரிசு எல்லாம் அச்சு அசல் ஒரே நகல். தாய்க்குத் தாய் இறக்கை போடும் சுபாவம் வேறுபடும் என்பதால், இறக்கை இல்லாத ஒரே ஒரு தாயை எடுத்துத் தனிச் செடியில் விட்டு, அதன் வம்சத்தை மட்டும் வளர்த்துக்கொள்ளுங்கள். நெரிசலில் பிறந்த தாய், நெரிசலின் நினைவைப் பிள்ளைக்கும் கடத்தும். அதனால் இரண்டு தலைமுறைக்காவது ஒரு செடிக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் சேர விடாமல் கலைத்துக் கலைத்து வளருங்கள். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு வாரம், ஆக இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் 12 தொட்டியிலும் இறக்கை முளைத்து ஒன்றும் புரியாமல் போகும்.

வளர்ப்புச் செடியில் பழுப்பாக, பலூன் மாதிரி உப்பி, இலையோடு ஒட்டிக்கொண்ட அசுவினி தென்பட்டால், உள்ளே ஒட்டுண்ணிக் குளவியின் புழு இருக்கிறது. அந்த இலையைக் கிள்ளி மூடிய டப்பாவில் போடுங்கள். ஒன்று தப்பினாலும் பத்தே நாளில் உங்கள் வம்சம் காலி. இலையில் ஒட்டிய வெள்ளைச் சருகு நோய் அல்ல, அது உரித்துப் போட்ட சட்டை.

நான்கு வகை அண்டை வீடு

12 தொட்டியையும் மூன்று மூன்றாக நான்கு வகையாகப் பிரியுங்கள். யாரை எதில் வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். கைப்பிடிச் சுவர் நிழலில் இருக்கும் மூன்றும் ஒரே வகையில் விழுந்துவிடக் கூடாது.

முதல் வகையில் எறும்பு உண்டு. இரண்டாம் வகையில் எறும்பும் இல்லை, வேறு யாரும் இல்லை. மூன்றாம் வகையில் எறும்பு இல்லை, பொறிவண்டு வந்து போகும். நான்காம் வகையில் எறும்பும் பொறிவண்டும் இல்லை, ஒரு பிரஷ் வந்து போகும். பிரஷ் எதற்கு என்று கேட்பீர்கள். பொறிவண்டு செடியில் நடந்தால் அசுவினிகள் பதறி நகர்ந்து ஒன்றின் மேல் ஒன்று இடிக்கும். நெரிசலிலும் அதே இடிதான். உடம்பில் விழும் இடியே இறக்கைக்குக் காரணமாகலாம். வண்டின் வாசமும் கடியும் வேலை செய்ததா, வெறும் இடியா என்று பிரித்துச் சொல்ல நான்காம் வகை இல்லாமல் முடியாது.

எறும்பைத் தடுக்க, தொட்டியைச் செங்கல் மேல் வைத்து, செங்கலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். தண்ணீரில் சில துளி பாத்திரம் கழுவும் சோப்பு விடுங்கள், கொசு முட்டையிட்டாலும் பிழைக்காது, எறும்பும் மிதந்து கடக்காது. வாரம் இரு முறை மாற்றுங்கள். தொட்டி விளிம்பில் வாசலின் தடவுவதைப் பலர் சொல்வார்கள். மார்கழிக் குளிரில் சரி, மாசி வெயிலில் இளகி வழிந்து தூசி படியும், எறும்பு அந்தத் தூசி மேல் நடந்து போகும். இலை எதுவும் சுவரையோ பக்கத்துத் தொட்டியையோ தொடக் கூடாது. பாலம் கிடைத்தால் எறும்புக்குப் போதும்.

எல்லாத் தொட்டிக்கும் மூடி தேவை. மூங்கில் குச்சி நாலு நட்டு, ஆர்கன்சா துணியைப் பை போலத் தைத்து மாட்டி, தொட்டி விளிம்பில் ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். சாதாரண கொசுவலை வேண்டாம், இறக்கை முளைத்தது அதன் கண்ணுக்குள் நுழைந்து வெளியேறும். எறும்பு உள்ள வகைக்கும் இதே துணி போடுங்கள், அடியில் ஓர் ஓட்டை விட்டு, தரையிலிருந்து ஒரு குச்சிப் பாலம் செருகுங்கள். முதல் வகைக்கு மட்டும் துணி இல்லாமல் விட்டால் எறும்போடு காற்றும் வெளிச்சமும் சேர்ந்து மாறிவிடும்.

எறும்பு, சாதாரண பிள்ளையார் எறும்பே போதும். கடிக்காது, எண்ணவும் எளிது. சோதனைக்கு இரண்டு நாள் முன்பே பாலத்தைப் போட்டு, அதன் மேல் நாட்டுச் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு வையுங்கள். வரிசை பிடித்த பிறகு சர்க்கரையை நிறுத்திவிடுங்கள்.

பொறிவண்டு என்பது பொன்வண்டு அல்ல. பொன்வண்டு பெரியது, பச்சையாக மின்னும். நமக்கு வேண்டியது ஏறக்குறைய மிளகு அளவில், ஆரஞ்சு முதுகில் கறுப்பு நெளிகோடு ஓடுவது. சென்னை மாடித் தோட்டங்களில் வெண்டை, அவரையில் சுலபமாகக் கிடைக்கும். முந்தைய நாள் மாலையே ஆளுக்கு ஒரு காற்றோட்டமான டப்பாவில், ஈரப் பஞ்சோடு, சாப்பாடு இல்லாமல் வையுங்கள். வயிறு நிறைந்த வண்டு துணியின் மேல் மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், செடியை எட்டிக்கூடப் பார்க்காது.

நாள் கணக்கு

முதல் நாள் மாலை: ஒவ்வொரு செடியிலும் இறக்கை இல்லாத பெரிய அசுவினி 8 விடுங்கள். மொத்தம் 96 தேவை, 110 எடுத்து வையுங்கள். சன்னமான வாட்டர் கலர் பிரஷ், சைபர் நம்பர், நுனியை ஈரப்படுத்திக்கொண்டு எடுங்கள். மூக்கைச் செடிக்குள் செருகிச் சாறு குடித்துக்கொண்டிருக்கும் பூச்சியைச் சட்டென்று தூக்கினால் அந்த ஊசி ஒடியும், பிறகு அது பிழைக்காது. பின்பக்கம் லேசாகத் தட்டுங்கள், அதுவாக ஊசியை உருவிக்கொண்டு நடக்கத் தொடங்கும், அப்போது ஏந்துங்கள்.

இரண்டாம் நாள் காலை: இரவில் பிறந்த குட்டிகளைத் துடைத்து எடுத்துவிடுங்கள். அவை சோதனைக்கு முன்பே முடிவானவை. இதற்குப் பிறகுதான் வண்டு. மூன்றாம் வகைச் செடிக்கு ஒரு வண்டை ஒரு மணி நேரம் விட்டு எடுங்கள். அதே ஒரு மணி நேரத்தில் நான்காம் வகைச் செடித் தண்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உலர்ந்த பிரஷை அடியிலிருந்து நுனிவரை ஓட்டுங்கள். மற்ற ஆறு தொட்டியின் துணியையும் அதே ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். மூன்றாம், நான்காம் நாளும் இதே.

வண்டை நாள் முழுக்க விட்டால் என்ன என்று தோன்றும். இந்த வண்டு ஒரு நாளில் சில பத்து அசுவினியைத் தின்னும், உங்களிடம் இருப்பது எட்டு. ஒரு மணி நேரத்தில் தின்றதையும் எண்ணி, வளர்ப்புச் செடியிலிருந்து அத்தனையும் திரும்ப நிரப்புங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் வகையில் மட்டும் கூட்டம் குறைந்து, நெரிசல் இல்லாததால் இறக்கையும் குறைந்து, வண்டின் விளைவு மறைந்துபோகும். இந்த ஒரு பிழையால் தலைகீழ் முடிவுக்கு வருவது சர்வ சாதாரணம்.

ஐந்தாம் நாள் காலை தாய்களை எல்லாம் அகற்றுங்கள். அந்த மூன்று நாளில் பிறந்த குட்டிகள் மட்டும் வளரட்டும். இறக்கை வேண்டுமா வேண்டாமா என்பது பெரும்பாலும் தாயின் உடம்பில் இருக்கும்போதே முடிவாகிறது, குட்டி வளர்ந்த பின் நாம் வாசிக்கிறோம், அவ்வளவுதான்.

ஒன்பதாம், பத்தாம் நாள் எண்ணுங்கள். செடியிலிருந்து 30 குட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரஷால் வெள்ளைத் தாளில் தட்டி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். இறக்கை வரப்போவதற்கு மார்புப் பக்கவாட்டில், தோளில் துண்டை மடித்துப் போட்டதுபோல் இரண்டு சிறிய மடல் தெரியும். வராததற்கு அந்த இடம் வழுவழுப்பாக இருக்கும். மிகச் சிறியதில் இது தெரியாது, அதை அடுத்த நாளுக்கு விடுங்கள். முந்திக்கொண்டு இறக்கை முளைத்தவை துணியின் உச்சியில் போய் ஒட்டியிருக்கும். செடியை மட்டும் எண்ணி அவற்றை விட்டுவிட்டால் கிளம்பியவர்களையே கணக்கில் சேர்க்காத கணக்கெடுப்பாகிவிடும்.

கிடைத்ததை எப்படிப் படிப்பது

பட்டாணி அசுவினியில் இது ஆய்வகங்களில் நன்றாக நிறுவப்பட்டது: பொறிவண்டு நடமாடிய செடியில் இறக்கையுள்ள பிள்ளைகள் கூடும். காரணம் ஒரு துளி. அசுவினியின் பின்பக்கம் புகைபோக்கி மாதிரி இரண்டு குழல் உண்டு. உங்கள் வளர்ப்புச் செடியில் ஒன்றை மெல்லிய ஊசியால் முதுகில் குத்திப் பாருங்கள். குழல் நுனியில் ஒரு முத்துத் துளி வரும். அந்த வாசம், பீட்டா-ஃபார்னசீன் என்ற பொருள், எட்டிய தூரத்தில் இருப்பவை சாறு குடிப்பதை நிறுத்தி, ஊசியை உருவி, விலகி நடக்கும். சில, இலையை விட்டே பொத்தென்று விழும். இந்தக் கலவரம் அடிக்கடி நடந்தால் ஒன்றையொன்று இடித்துக்கொள்வது கூடி, அதிலிருந்து இறக்கையுள்ள பிள்ளைகள் வருகின்றன.

ஆனால் எல்லா இனமும் இப்படி இல்லை. எறும்புக் காவலில் வாழப் பழகியவை வண்டைக் கண்டு அவ்வளவு சுலபத்தில் மூட்டை கட்டுவதில்லை. காராமணி அசுவினியும் எறும்போடு ஒட்டி வாழ்வது. ஆகவே இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் பெரிய வித்தியாசம் வராவிட்டால் சோதனை தோற்றதாக நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். அதுவும் பதில்தான். மூன்றாம், நான்காம் வகைகள் ஒரே அளவு உயர்ந்து, இரண்டாம் வகை தாழ்ந்திருந்தால், வேலை செய்தது இடிதான்.

முதல் வகையில் இறக்கை மற்றவற்றைவிடக் குறைந்திருந்தால், எறும்பு என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள். உணர்கொம்பால் அசுவினியின் பின்பக்கம் தட்டும், தேன்துளி வரும், குடிக்கும். மாடு கறப்பதற்கு ஒப்பிடுவார்கள், ஆனால் மாட்டுக்காரர் மாட்டின் காலைக் கட்டுவதையும் சேர்க்க வேண்டும். எறும்பு நடந்த தடத்தின் வாசமே அசுவினியின் நடையை மந்தமாக்குகிறது என்றும், சில இனங்களில் எறும்பு இருந்தால் இறக்கை உருவாவதே குறைகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். காவலும் கிடைக்கிறது, ஊரை விட்டுப் போகும் வழியும் அடைகிறது.

எண்ணி முடித்த பிறகு முதல் வகைச் செடி ஒன்றில் ஒரு பொறிவண்டை விட்டு, எறும்பு அதைத் துரத்த எத்தனை நொடி ஆகிறது என்று கைபேசியில் பதிந்து வையுங்கள். வண்டு ஓட்டைக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி அமுக்கிக்கொண்டு உட்காரும், எறும்பு காலைத் தேடிக் கடிக்கும்.

தண்ணீர்த் தொட்டி: வராமல் போவதை எண்ணுவது

கிளம்புவது ஒரு பக்கம் என்றால், வந்து இறங்குவது மறு பக்கம். முட்டையிட இடம் தேடும் பெண் கொசு, தண்ணீரைப் பார்த்ததும் இட்டுவிடுவதில்லை. இஸ்ரேலின் பாறைக் குட்டைகளில், மல்லாந்து நீந்தி வேட்டையாடும் ஒரு நீர்ப்பூச்சி இருந்த தண்ணீரை ஒரு கொசு இனம் தவிர்த்தது. பூச்சியை எடுத்த பிறகும் அந்த எச்சரிக்கை ஒரு வாரம்போல நீடித்தது. அமெரிக்கச் சோதனைகளில் மரத்தவளைகளும் பறந்து வரும் நீர்வண்டுகளும் மீன் உள்ள தொட்டியை ஒதுக்கின.

நம் ஊரில் இதைச் செய்வதற்கு முன் ஒரு கட்டாயம். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு வளரும், மாநகராட்சி அபராதம் போடும், அதில் தப்பில்லை. வெப்பமான நாளில் முட்டையிலிருந்து கொசு பறக்க 7 முதல் 10 நாள். ஆகவே எந்தச் சுற்றும் மூன்று இரவுக்கு மேல் நீளக் கூடாது. முடிந்ததும் தண்ணீரை மண்ணில் கொட்டி, சாக்கடையில் அல்ல, தொட்டிச் சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து வெயிலில் கவிழ்த்துங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் இடாது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டும். அந்த முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் காத்திருக்கும். தேய்க்காமல் வைத்த தொட்டி அடுத்த மழையில் பேசும். ஊருக்குப் போகிற வாரத்தில் தொடங்கவே தொடங்காதீர்கள்.

கறுப்பு பிளாஸ்டிக் டப் இரண்டு, 20 லிட்டர் கொள்ளளவு. லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, ஒரு நாள் திறந்து வைத்து குளோரின் போன பிறகு தலா 10 லிட்டர் ஊற்றுங்கள். ஒரு கைப்பிடி காய்ந்த புல்லை ஒரு வாளியில் ஐந்து நாள் ஊற வைத்து (வாளியை மூடியே வைத்து), அந்தச் சாறைச் சமமாகப் பங்கிட்டால் வீட்டுக் கொசுவான க்யூலெக்ஸ் நன்றாக வரும்.

இந்த டப்புக்குள் மீன் இறங்கக் கூடாது, மீனின் வாசம் மட்டும்தான். இறங்கினால் முட்டையைத் தின்றுவிடும், கொசு வரவில்லையா வந்தும் தின்றதா என்று தெரியாது. கொளத்தூர்ப் பக்கம் வண்ணமீன் கடையில் கப்பி பத்து வாங்கி, தனித் தொட்டியில் 10 லிட்டரில் வளருங்கள். தினம் மாலை அந்தத் தண்ணீரில் ஒரு லிட்டரைத் துணியில் வடிகட்டி ஒரு டப்பில் ஊற்றுங்கள். மற்ற டப்புக்கு, மீன் இல்லாத ஆனால் அதே அளவு மீன் தீனி போட்டு வைத்த தண்ணீர் ஒரு லிட்டர். வெறும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். தீனி கரைந்த தண்ணீர் கொசுவுக்குப் பிடிக்கும், மீனின் பயமும் தீனியின் ஆசையும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சுழியாகிவிடும்.

இரண்டு டப்புக்கும் இடையே குறைந்தது 5 மீட்டர் விடுங்கள், மாடி நீளமாக இருந்தால் இன்னும் விடுங்கள். மீன் உள்ள தொட்டிக்கு ஒட்டினாற்போல் இருக்கும் மீன் இல்லாத தொட்டியையும் நீர்வண்டுகள் சேர்த்தே ஒதுக்குவது தெரிந்த விஷயம், கெட்ட பெயர் பக்கத்து வீட்டுக்கும் ஒட்டுவதுபோல. ஒவ்வொரு சுற்றிலும் இடத்தை மாற்றிப் போடுங்கள்.

காலை 7 மணிக்குள் பாருங்கள். க்யூலெக்ஸ் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கருப்பட்டி நிறத்தில் அரிசி மணி நீளத்துக்கு ஒரு படகாக மிதக்கும். படகு ஒன்றில் நூற்றுக்கும் மேல் முட்டை இருக்கும். படகை எண்ணினால் போதும். புதிதாக இட்டது வெள்ளையாக இருக்கும், சில மணி நேரத்தில் கறுக்கும், விட்டுவிடாதீர்கள். எண்ணியதை அப்போதே கரண்டியால் எடுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

ஆறு சுற்று செய்யுங்கள். ஆறிலும் மீன் வாசம் இல்லாத டப்பே முந்தினால், அது வெறும் தற்செயலாக நடக்க 64-ல் ஒரு வாய்ப்புதான். நான்குக்கு இரண்டு என்று வந்தால் நாணயம் சுண்டியதற்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது, இன்னும் ஆறு சுற்று ஓட்டுங்கள்.

இதில் ஒரு கசப்பு உண்டு. உங்கள் டப்பில் முட்டை இல்லை என்பதால் தெருவில் கொசு குறைந்தது என்று அர்த்தமில்லை. அந்தக் கொசு பக்கத்து வீட்டுத் தேங்காய்ச் சிரட்டைக்குப் போயிருக்கலாம்.

முடிந்த பின் மீனை ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள். கொசுவைத் தின்னும் என்று 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்த கம்பூசியா, தவளைக் குஞ்சையும் உள்ளூர்ச் சிறு மீனின் குஞ்சையும் சேர்த்துத் தின்றுகொண்டிருக்கிறது. கப்பியும் விட்ட இடத்தில் பெருகும். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

மாடியை விட்டு இறங்கினால்

வெளியே எதையும் மாற்ற முடியாது, ஒப்பிடத்தான் முடியும். பள்ளிக்கரணைச் சதுப்பைக் குறுக்கே வெட்டிப் போகும் ரேடியல் சாலை ஓரத்திலிருந்தே உண்ணிக்கொக்கைப் பாருங்கள். எருமையோடு நடக்கும் கொக்கு ஒன்று, தனியாக நடக்கும் கொக்கு ஒன்று, ஆளுக்கு 5 நிமிடம். எத்தனை அடி வைத்தது, எத்தனை முறை கொத்தியது. இரண்டு பேர் தேவை, ஒருவர் அடியை எண்ண, ஒருவர் கொத்தை எண்ண. மாட்டோடு போவது குறைந்த அடியில் கூடுதல் இரை பிடிக்கும், மாட்டின் கால் பூச்சியைக் கிளப்பிக் கொடுக்கிறது. இந்தக் கூட்டணிதான் கொக்கை உலகம் சுற்ற வைத்தது. மேய்ச்சல் நிலமும் மாடும் போன இடமெல்லாம் பின்னாலேயே போய், 1953-ல் வட அமெரிக்காவில் கூடு கட்டிவிட்டது. நம் ஊர்க் கொக்கின் அறிவியல் பெயரின் பின்பாதி கோரமண்டஸ், அதாவது சோழமண்டலக் கரை. சொந்த ஊர்ப் பறவை, மரியாதையோடு எண்ணுங்கள்.

குயிலுக்கு வேறு வழி. காக்கைக் கூடு இல்லாமல் சென்னையில் அதன் குடும்பம் ஓடாது. ஏப்ரலில் உங்கள் தெருவின் காக்கைக் கூடுகளை மரம் வாரியாகக் குறித்து, ஜூன், ஜூலையில் எந்த மரத்தடியில் காக்கை புள்ளி போட்ட குஞ்சுக்கு ஊட்டுகிறது என்று பாருங்கள். கூட்டைத் தொடாதீர்கள், குயில் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டு இழுக்காதீர்கள்.

இடம் பிடித்துக்கொண்டவன் மற்றவனை உள்ளே விடாமல் செய்வதைப் பார்க்க எண்ணூர் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டுக்கும் போக வேண்டும். மீனவர்கள் காக்கா ஆழி என்கிற சிறு சிப்பி, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கரைகளிலிருந்து வந்தது. சேற்றின் மேல் பாய்போல் அடர்ந்து படர்கிறது. சேற்றில் புதையும் இறாலுக்கும் மட்டிக்கும் இடமில்லாமல் போகிறது.

அரை அங்குல பிவிசி குழாயில், உள்ளளவு 25 சென்டிமீட்டர் வருமாறு நான்கு துண்டு வெட்டி, நான்கு எல்போவில் செருகி ஒரு சதுரச் சட்டம் செய்யுங்கள். 16 சட்டம் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். நீர் வடிந்த நேரத்தில், இடம் தெரிந்த மீனவர் ஒருவரோடு போங்கள். காக்கா ஆழி படர்ந்த இடத்தில் எட்டு முறை, படராத சேற்றில் எட்டு முறை, திரும்பி நின்று தோளுக்குப் பின்னால் சட்டத்தை எறிந்து, விழுந்த இடத்தில் எண்ணுங்கள். கண்ணால் பார்த்து வைத்தால் கை தானாக அடர்ந்த இடத்துக்கே போகும். உயிரோடு இருப்பதையும் வெற்று ஓட்டையும் தனித்தனியாக எழுதுங்கள். தேதியோடு நீர்வடிப்பு நேரத்தையும் குறியுங்கள், அது இல்லாத பதிவை இன்னொரு நாளோடு ஒப்பிட முடியாது. ஓட்டின் விளிம்பு கத்தி மாதிரி, ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.

கரையேறியதும் பூட்ஸையும் சட்டத்தையும் அங்கேயே சுரண்டி, வீட்டில் நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் முழு வெயிலில் காய வைத்த பிறகுதான் வேறு கழிமுகத்துக்கு எடுத்துப் போகலாம். குழாய் மூட்டுக்குள் ஒளிந்திருக்கும் குஞ்சுச் சிப்பி கண்ணுக்குத் தெரியாது, எல்போவைக் கழற்றியே கழுவுங்கள்.